''எனக்கென்ன குறை... நல்லாத்தான் இருக்கேன்!'' - முதியோர் இல்லத்தில் பெற்றோர் சொல்லாததை நாம் கண்டுபிடிப்பது எப்படி?

முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ போனில் அழைத்து, ''எப்படி இருக்கீங்க?'' என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ''எனக்கென்ன குறை... நல்லாத்தான் இருக்கேன். நீ உன் உடம்பைப் பார்த்துக்கோ.''

அது உண்மையாகவே இருக்கலாம். நல்ல முறையில் நடக்கும் இல்லங்கள் நம் ஊரில் நிறைய இருக்கின்றன. வீட்டில் நாள் முழுக்கத் தனியாகக் கிடந்தவர்கள், அங்கே போன பிறகு பேச்சுத்துணை கிடைத்து, முகம் தெளிந்து, நாலு கிலோ எடைகூடியதும் உண்டு. ஆனால், காலையிலிருந்து மாற்றாத டயப்பரோடு படுத்திருக்கும் ஒருவரும் இதே பதிலைத்தான் சொல்வார் என்பதுதான் சிக்கல்.

ஏன் சொல்வதில்லை? பிள்ளை கவலைப்படுவான் என்பது முதல் காரணம். 'நீ கிளம்பிப் போனதும் எனக்குச் சோறு ஊட்டப்போவது இவர்தானே' என்ற பயம் இரண்டாவது. 'இதைவிட்டால் வேறு எங்கே போவது' என்ற எண்ணம் மூன்றாவது. படுக்கையில் சிறுநீர் போனதையும், அதற்காக யாரோ திட்டியதையும் பெற்ற பிள்ளையிடம் சொல்லக் கூசும் மானம் நான்காவது. இத்தனையையும் தாண்டி ஒருவர் வாய் திறந்து குறை சொல்கிறார் என்றால், விஷயம் முற்றிவிட்டது என்று பொருள்.

எனவே, பெரியவர்கள் சொல்வார்கள் என்று காத்திருக்க முடியாது. அவர்களுடைய உடம்பு, கட்டில், அறை, நடவடிக்கை ஆகியவற்றைப் பார்த்து நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு டாக்டராக இருக்கத் தேவையில்லை. எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

அடிப்பது மட்டுமே கொடுமை இல்லை

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. வீடுகளில் வசிக்கும் 60 வயதைக் கடந்தவர்களில் ஆறில் ஒருவர், ஓராண்டில் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார். பராமரிப்பு இல்லங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே வேலை செய்பவர்களில் மூன்றில் இருவர், கடந்த ஓராண்டில் தாங்களே முதியவர்களிடம் ஏதோ ஒரு வகையில் தவறாக நடந்துகொண்டதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

'மூன்றில் இருவரா!' என்று திகைக்க வேண்டாம். இவர்கள் எல்லோரும் கை நீட்டியவர்கள் இல்லை. 'கொடுமை' என்றதும் நமக்கு அடி, உதைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால், அதில் பல வகை உண்டு. கத்துவது, கேலி செய்வது, சின்னப் பிள்ளையை மிரட்டுவதுபோல மிரட்டுவது ஒரு வகை. பென்ஷன் பணத்தையோ, நகையையோ, கையெழுத்தையோ வாங்கிக்கொள்வது இன்னொரு வகை. பாலியல் அத்துமீறலும் உண்டு; 'இந்த வயதிலா' என்று நாம் நம்ப மறுப்பதே, அதைச் செய்பவருக்கு வசதியாகிவிடுகிறது.

இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டியது, சத்தமே இல்லாமல் நடக்கும் புறக்கணிப்பு. கூப்பிட்டால் வராமல் இருப்பது, திருப்பிப் படுக்கவைக்காமல் விடுவது, சாப்பாட்டுத் தட்டைக் கை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து அப்படியே எடுத்துப்போவது, ராத்திரி டயப்பர் மாற்ற வேண்டிவருமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுக்காமல் இருப்பது... இவையெல்லாம் புறக்கணிப்புதான். இதில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. ஆனாலும் உயிர் போகும்.

இதற்குக் காரணம் எப்போதும் கல்நெஞ்சம்தான் என்று சொல்லிவிட முடியாது. படுத்த படுக்கையாக இருக்கும் 20 பேரை ராத்திரி முழுக்க ஒரே ஓர் ஆயா பார்த்துக்கொள்கிறார் என்று வையுங்கள். அவர் எவ்வளவு நல்ல மனுஷியாக இருந்தாலும் எல்லோரையும் திருப்பிப்போட்டு, துடைத்து, தண்ணீர் கொடுக்க அவரால் முடியாது. குறைந்த சம்பளம், பயிற்சியின்மை, ஓய்வில்லாத ஷிஃப்ட் எல்லாம் சேரும்போது சலிப்பு வருகிறது, சலிப்பு எரிச்சலாகிறது, ஒருநாள் அந்த எரிச்சல் கையில் இறங்குகிறது. அதனால்தான், ஆயாவின் முகம் சிரித்தபடி இருக்கிறதா என்பதைவிட, ராத்திரியில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்பது முக்கியமாகிறது.

உடம்பில் தெரியும் அறிகுறிகள்

படுக்கைப்புண்: நடக்க முடியாதவரைப் பார்க்கப் போனால், போர்வையை விலக்கி இடுப்புக்குக் கீழே முதுகுத்தண்டு முடியும் இடம், இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், முழங்கை, பின்னந்தலை ஆகிய ஐந்து இடங்களைப் பாருங்கள். எலும்பு படுக்கையில் அழுந்தும் இடங்கள் இவை. புண் வருவதற்கு முன்பே அந்த இடம் சிவந்தோ, நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்தோ, ஊதா நிறமாகவோ தெரியும். தொட்டால் சூடாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் நிறம் வெளிறாது. இதுதான் முதல் கட்டம். இப்போது கவனித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது வழக்கமான பராமரிப்பு முறை. ஏர் பெட் போட்டிருந்தாலும் திருப்ப வேண்டும். ஆழமான புண் ஒன்று வந்து, அது சீழ் பிடித்து நாற்றம் அடிக்கும் வரை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றால், கேள்வி கேட்க வேண்டிய நேரம் அது.

எடை: கன்னம் ஒட்டியிருக்கிறதா, ரவிக்கையும் வேட்டியும் தளர்ந்திருக்கின்றனவா, வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, பல்செட் ஆடுகிறதா என்று பாருங்கள். காரணம் தெரியாமல் ஒரே மாதத்தில் 5 சதவிகிதமோ, ஆறு மாதத்தில் 10 சதவிகிதமோ எடை குறைந்தால் அது கவலைக்குரியது. 50 கிலோ இருந்த அம்மா, ஒரு மாதத்தில் இரண்டரை கிலோ இறங்கினாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். எடை பார்க்கும் மெஷின் இல்லாத இல்லம் என்றால், நீங்களே ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர்: வறண்ட நாக்கு, வெடித்த உதடு, அடர் மஞ்சளாகப் போகும் சிறுநீர், எழுந்தால் தலைசுற்றல், திடீர்க் குழப்பம். வயதானவர்களுக்குத் தாக உணர்வே குறைந்துவிடும் என்பதால், கேட்டால் கொடுக்கலாம் என்று இருக்கக் கூடாது. நேரத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பது மட்டுமல்ல, அது அவர் கைக்கு எட்டுகிறதா, டம்ளரை அவரால் பிடிக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள்.

கன்றிய இடங்கள்: வயதானவர்களின் தோல் மெலிந்துபோயிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு லேசாக இடித்துக்கொண்டாலே கன்றிப்போகும். இப்படித் தானாக ஏற்படுபவை பெரும்பாலும் கைகளிலும் கால்களிலும்தான் இருக்கும். முகம், கழுத்து, காது, முதுகு, மார்பு, பிட்டம், தொடையின் உட்பக்கம் ஆகிய இடங்களில் கன்றியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். மேல்கையில் விரல்கள் பதிந்ததுபோல வரிசையாகத் தெரியும் தடங்கள், அழுத்திப் பிடித்து இழுத்ததைக் காட்டலாம். இரண்டு மணிக்கட்டிலும் அல்லது இரண்டு கணுக்காலிலும் ஒரே மாதிரித் தடம் இருந்தால், கட்டிலோடு கட்டியிருக்கிறார்களா என்று நேரடியாகவே கேளுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள்: வளர்ந்து அழுக்கேறிய நகம், சிக்குப்பிடித்த தலை, வெயில் காலத்திலும் ஸ்வெட்டர், வேறொருவரின் நைட்டி. கண்ணாடி எங்கே, காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா, பல்செட் டப்பாவிலேயே கிடக்கிறதா? கண்ணாடியும் காது மெஷினும் இல்லாத ஒரு பெரியவர், சுற்றி நடக்கும் எதையும் புரிந்துகொள்ள முடியாமல் தனித்துப்போய்விடுவார். பிறகு, 'பாட்டிக்கு மூளை குழம்பிடுச்சு' என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

எந்நேரமும் தூக்கத்திலேயே இருக்கிறாரா?

பகல் 11 மணிக்குப் போனாலும் தூக்கம், மாலை 4 மணிக்குப் போனாலும் தூக்கம், எழுப்பினால் நாக்குக் குழறல், நடக்கும்போது தள்ளாட்டம்... இல்லத்துக்குப் போவதற்கு முன்பு இப்படி இல்லாதவர் என்றால், என்னென்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். எந்த மாத்திரை, எதற்காக, எந்த டாக்டர் எழுதியது, எந்தத் தேதியில் தொடங்கியது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

ராத்திரியில் கூச்சல் போடுகிறார், எழுந்து நடக்கிறார் என்பதற்காக, 'அமைதியாக' வைத்திருக்க மருந்து கொடுக்கும் வழக்கம் உலகம் முழுக்க உண்டு. மறதி நோய் உள்ள முதியவர்களுக்குச் சில வகை மனநல மருந்துகளைக் கொடுப்பது இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அதற்காக அந்த மருந்து யாருக்குமே கூடாது என்று அர்த்தமில்லை. தேவை இருக்கிறதா, அளவு சரியா என்பதை டாக்டர் முடிவு செய்ய வேண்டும். வார்டன் முடிவு செய்யக் கூடாது. நீங்களாகவும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியே இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

நடவடிக்கையில் தெரியும் மாற்றம்

நீங்கள் கேள்வி கேட்டதும், பதில் சொல்வதற்கு முன்பு அவர் கண் ஊழியர் பக்கம் போகிறதா? குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறாரா? தலையைச் சரிசெய்ய நீங்கள் கையைத் தூக்கினால் திடுக்கிட்டு ஒதுங்குகிறாரா? குளிக்கவைக்கும் நேரம் வந்தால் அழுகிறாரா? வாயாடியாக இருந்தவர் ஒற்றை வார்த்தையில் பேசுகிறாரா? நீங்கள் கொண்டுபோன பிஸ்கட் பாக்கெட்டை அவசரமாகத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறாரா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அடுத்த முறை தனியாகப் பேசியாக வேண்டும்.

போன் பேச்சிலும் கவனம் வையுங்கள். எப்போது அழைத்தாலும் ஸ்பீக்கரில்தான் பேசவைக்கிறார்கள், பக்கத்தில் யாரோ நின்று எடுத்துக்கொடுக்கிறார்கள், 'அம்மா தூங்குறாங்க, அப்புறம் கூப்பிடுங்க' என்பதே பதிலாக இருக்கிறது என்றால், அடுத்த பஸ் பிடித்துப் போய்விடுவது நல்லது.

பணத்தையும் கவனியுங்கள். ஏ.டி.எம் கார்டு யாரிடம் இருக்கிறது, பென்ஷன் வங்கிக் கணக்கிலிருந்து வழக்கமில்லாத தொகை போகிறதா, காதில் கிடந்த தோடு எங்கே, புதிதாக ஏதாவது பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்களா என்று மாதம் ஒருமுறை சரிபார்ப்பது தப்பே இல்லை.

மறதி நோய் இருப்பவர் சொன்னால்?

''இவ என்னை அடிச்சா'', ''என் சங்கிலியைத் திருடிட்டாங்க'' என்று மறதி நோய் உள்ளவர்கள் சொல்வது சகஜம். பத்து வருடத்துக்கு முன்பு விற்ற சங்கிலியைக்கூடத் தேடுவார்கள். அதற்காக, அவர் சொல்வது எல்லாமே கற்பனை என்று ஒதுக்குவது ஆபத்து. அடிபட்ட முதியவர்களிடம் கலிபோர்னியாவில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், உடம்பில் இருந்த கன்றல் எப்படி வந்தது என்று கேட்டபோது பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். ஞாபகக் குறைவு உள்ளவர்கள் பலரும் அதில் அடக்கம்.

அவர் சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள். ''அப்படியெல்லாம் இருக்காதும்மா'' என்றால் அதோடு வாயை மூடிக்கொள்வார். ''எங்கே வலிக்குது, காட்டுங்க'' என்று கேட்டு, அந்த இடத்தைப் பாருங்கள். ஒரே ஆளைப் பற்றி, ஒரே நேரத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். அப்படியென்றால் விசாரித்தே ஆக வேண்டும். இன்னொன்று: நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று பிதற்றினால், அது மறதி நோய் முற்றியது என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, தண்ணீர்க் குறைவு, புதிய மருந்து என மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் சந்தேகப்படலாமா?

கூடாது. நன்றாகக் கவனிக்கப்படுபவரும் விழுவார், எடை குறைவார், கடைசிக் காலத்தில் எவ்வளவு பார்த்தாலும் படுக்கைப்புண் வரலாம். ஒரு கன்றலைப் பார்த்துவிட்டு, ராத்திரி பகலாக உழைக்கும் ஆயாவின் மேல் பாய்வது நியாயமில்லை. நல்ல ஊழியரையும் இழந்துவிடுவோம்.

நேர்ந்தது என்ன என்பதோடு, இல்லம் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதையும் எடைபோட வேண்டும். மூன்று கேள்விகளைக் கேட்டுப்பாருங்கள். நடந்ததை அன்றைக்கே உங்களுக்குச் சொன்னார்களா? அவர்கள் சொல்லும் காரணம் காயத்துக்குப் பொருந்துகிறதா, கேட்ட எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்களா? மறுபடி நடக்காமல் இருக்க ஏதாவது செய்தார்களா? ''நேத்து ராத்திரி பாத்ரூம் போறப்போ அப்பா விழுந்துட்டாருங்க. டாக்டர் பார்த்தாச்சு. அந்தப் பக்கம் கைப்பிடி வைக்கச் சொல்லியிருக்கோம்'' என்று அவர்களே போன் செய்து சொன்னால், அது பொறுப்பான இல்லம். நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு, ''வயசானா அப்படித்தாங்க'' என்றால், யோசிக்க வேண்டிய இல்லம்.

எப்போது போவது, எப்படிப் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு எல்லா இல்லமும் பளிச்சென்றுதான் இருக்கும். செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு நாள் காலை குளியல் நேரத்தில், ஒரு நாள் மாலை விளக்கு வைத்த பிறகு என்று மாற்றி மாற்றிப் போங்கள். முன்கூட்டியே சொல்லாமல் போங்கள். 'பார்வையாளர் அறையில்தான் சந்திக்க வேண்டும், மேலே வரக் கூடாது' என்று எப்போதுமே தடுத்தால், அதை ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

போனால், ஒரு வேளைச் சாப்பாட்டை நீங்களே ஊட்டிவிடுங்கள். விழுங்க முடிகிறதா, எவ்வளவு பசி, சாப்பாடு எப்படி என்று மூன்றும் தெரிந்துவிடும். தலையில் எண்ணெய் தேய்த்துவிடுங்கள், காலைப் பிடித்துவிடுங்கள், முதுகைத் துடைத்துவிடுங்கள். அவருக்கும் இதமாக இருக்கும். சோதனை என்று தோன்றாமல் நீங்களும் உடம்பைப் பார்த்துவிடலாம். பத்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசுங்கள். ''நல்லா பார்த்துக்கிறாங்களா?'' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் வரும். ''ராத்திரி பாத்ரூம் வந்தா யாரைக் கூப்பிடுவீங்க? கூப்பிட்டா வர எவ்வளவு நேரம் ஆகும்? இங்கே யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது?'' என்று கேளுங்கள். பதில் வரும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. கேமராவைக் கட்டில், கால், அறை என்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அதோடு, மாதம் இரண்டு முறை நேரில் போய்ப் பார்க்க ஊரில் ஒரு சொந்தக்காரரையோ, பழைய பக்கத்து வீட்டுக்காரரையோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நேரில் போய்க் கேட்பதற்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் நடந்ததே சாட்சி. அமெரிக்காவில் வசித்த ஒருவர், தன் வயதான உறவினரை 2021 இறுதியில் அங்கிருந்த ஓர் ஆசிரமத்தில் நண்பர் மூலம் சேர்த்திருந்தார். பிறகு பார்க்கப் போனபோது அந்தப் பெரியவர் அங்கே இல்லை. பெங்களூரில் உள்ள வேறொரு காப்பகத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. அங்கே போய்த் தேடியும் கிடைக்கவில்லை. விவகாரம் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவாகப் போனது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் அந்த ஆசிரமத்துக்குள் நுழைந்தபோதுதான், அது உரிய அனுமதி இல்லாமல் நடந்துவந்தது தெரிந்தது. அங்கிருந்து மீட்கப்பட்டவர்கள் 140-க்கும் மேற்பட்டவர்கள். துன்புறுத்தல் புகார்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி-க்கு மாறியது. ஒரே ஒரு பெரியவரைப் பற்றி, 'அவர் எங்கே?' என்று விடாமல் கேட்டதால் அத்தனை பேரின் நிலையும் வெளிச்சத்துக்கு வந்தது.

சேர்க்கும்போதே கேட்க வேண்டியவை

- அரசிடம் பதிவு செய்த சான்றிதழ் இருக்கிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா? சந்தேகம் இருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.
- பகலில் எத்தனை பேர், ராத்திரியில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள்? நர்ஸ் பயிற்சி பெற்றவர் உண்டா?
- டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? அவசரம் என்றால் எந்த மருத்துவமனை?
- எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாமா?
- கொடுக்கும் பணத்துக்கு என்னென்ன சேவை என்பதை எழுத்தில் தருவார்களா?
- விழுந்தால், காய்ச்சல் வந்தால், எத்தனை மணி நேரத்துக்குள் உங்களுக்குத் தகவல் சொல்வார்கள்?

சேர்க்கும் நாளன்றே எடை, உடம்பில் ஏற்கெனவே இருக்கும் தழும்பு, சாப்பிடும் மாத்திரைகள், கொண்டுபோகும் நகை, பொருள்கள் எல்லாவற்றையும் எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது மாற்றம் என்றால் ஒப்பிட அதுதான் உதவும்.

சந்தேகம் உறுதியானால்...

காயத்தையும் அறையையும் தேதியோடு போட்டோ எடுங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். வெளியே ஒரு டாக்டரிடம், முடிந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, அறிக்கை வாங்குங்கள். பராமரிப்புக் குறைதான் என்றால், நிர்வாகியிடம் எழுத்தில் கொடுத்து, எப்போது சரிசெய்வார்கள் என்று தேதி கேளுங்கள். அடி, பாலியல் அத்துமீறல், கட்டிவைப்பது, பட்டினி போடுவது என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவாருங்கள். பிறகு மற்றதைப் பேசலாம்.

உடனடி ஆபத்து என்றால் 112. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை கட்டணமில்லாமல் பேசலாம். முதியவர்தான் பேச வேண்டும் என்றில்லை, பார்த்தவர் யாரும் தகவல் தரலாம். இல்லத்தைப் பற்றிய புகாரை மாவட்ட சமூக நல அலுவலரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்தில் கொடுக்கலாம்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. வயது முதிர்வாலோ நோயாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத ஒருவரைக் கவனித்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துவிட்டு, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 357-வது பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். சேரும்போது எழுத்தில் ஒப்பந்தம் வாங்கச் சொல்வது இதற்காகவும்தான். அடித்தால், பணத்தை மோசடி செய்தால் அவற்றுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு.

2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 24-வது பிரிவு, மூத்த குடிமக்களைக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுச் செல்வதைக் குற்றமாக்குகிறது. இது பிள்ளைகளுக்கும் பொருந்தும். அதே சட்டத்தின் 23-வது பிரிவின்படி, 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்த பிறகு, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரலாம். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பது பாதுகாப்பு.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்

பெற்றோரை இல்லத்தில் சேர்த்த பல பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்காமல் இருப்பதற்குப் பாசம் இல்லாதது காரணம் இல்லை. போனால் குற்ற உணர்வு குத்தும்; 'எப்போ கூட்டிட்டுப் போவே?' என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். அதனால், மாதாமாதம் பணம் அனுப்புவதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால், யாருக்கு ஆள் வந்து போகிறது, யாருக்கு வருவதில்லை என்பது எந்த இல்லத்திலும் ஊழியர்களுக்கு மனப்பாடம். வேலை அதிகமாகி, ஆள் குறையும் நாளில், யாரைக் கடைசியாகக் கவனிப்பது என்பதையும் அதுவே முடிவு செய்துவிடுகிறது.

உங்கள் அம்மாவின் பக்கத்துக் கட்டிலில், யாருமே வந்து பார்க்காத ஒரு பாட்டி இருப்பார். அடுத்த முறை போகும்போது, அவரிடமும் ரெண்டு வார்த்தை பேசுங்கள். அவருடைய தண்ணீர் டம்ளர் எங்கே இருக்கிறது, குதிகால் எப்படி இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். ஏதாவது சரியில்லை என்றால் அவருக்காகவும் கேளுங்கள். 14567-க்கு அழைக்க நீங்கள் அவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.